பீன்ஸ் சட்டி

நாற்பத்தேழு வயதில்
நான் முதன்முதலாகத் தண்ணீருக்குள் முகம் வைத்தது
பீன்ஸ் ஊறவைக்கும் எனாமல் சட்டியில்.
ஜனவரி. விடிய இன்னும் நேரமிருந்தது.
மூன்று வரை எண்ணுவதாக ஏற்பாடு.
இரண்டில் எழுந்துவிட்டேன்,
காது நிறையத் தண்ணீரும்
எதையோ திருடிவிட்டதுபோல் நெஞ்சடிப்புமாக.

ஜன்னலுக்கு வெளியே
ஒஹ்ரித் ஏரி இருந்தது, எப்போதும்போல.
பிறந்தது முதல் கரையோடு குடித்தனம்.
ஓட்டல் சலவையறையில் கறையோடு பிழைப்பு.
இருபத்திரண்டு கோடையாக
யார் யாரோ நீந்திவந்த ஈரத்தைத்
துண்டு துண்டாகப் பிழிந்து காயப்போட்டவள்
முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை.

யாரிடமும் மூச்சு விடவில்லை.
சட்டிக்குள் மட்டும் விட்டேன்,
குமிழ் குமிழாக.
மறுநாள் மூன்று. அதற்கு மறுநாளும் மூன்று.
மூன்றுக்கு மேல் எண்ணே கிடையாது என்பதுபோல்
ஒரு வாரம் முழுக்க மூன்று.
பிறகு நாலு.

காலண்டரில் எதுவும் குறிக்கவில்லை.
பல் துலக்கிய பிரஷைக் கீழே வைத்த கை
அப்படியே சட்டியைத் தேடும், அவ்வளவுதான்.
எண்ணினேன்,
வேறெதையும் எண்ணாமல் இருப்பதற்காக.

பிப்ரவரி நடுவில் த்ரைச்சே கண்டுபிடித்தான்.
கம்பளிக் காலுறையோடு அடுப்படி வாசலில் நின்று
"தலையையா வேகவைக்கப் போகிறாய், வெலிகா?" என்றான்.
நிமிரவில்லை. பதினொன்றில் இருந்தேன்.
நிமிர்ந்தபோது காபி போட்டுக்கொண்டிருந்தான்,
என் கோப்பைக்கும் சேர்த்து.
மறுநாள் சட்டி நிரம்பியிருந்தது, வெதுவெதுப்பாக.
ஏரி வெதுவெதுப்பாக இருக்காது என்றேன்.
ஏரியா, என்றான்.
அதற்கடுத்த நாள் தண்ணீர் பல் கூசியது.

மார்ச்சில் காய்ச்சல். பதினான்கு நாள்.
எழுந்து வந்து குனிந்தால் ஆறுதான் வந்தது.
சேர்த்துவைத்த இருபத்தெட்டு எங்கே போயிற்று?
ஆத்திரத்தில் சட்டியை உதைத்தேன்.
அடியில் எனாமல் ஒரு சில்லு பெயர்ந்து
காசு அகலத்தில் கறுப்பு தெரிந்தது.
அந்தக் கறுப்பைப் பார்க்கத்தான்
தண்ணீருக்குள் முதலில் கண்ணைத் திறந்தேன்.
அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை,
உதைக்கச் சொல்லியும் யாரும் தரவில்லை.

மே மாதம் முழங்கால். இடுப்பு. கழுத்து.
படகுத்துறைக்கு இந்தப் பக்கம், ஆள் வராத விடியலில்
தினம் பத்தே நிமிடம்;
ஏழு மணிக்கு இயந்திரத்தின் முன் நிற்க வேண்டும்.
காலை உதைக்க ஒரு வாரம், கையை வீச ஒரு வாரம்,
இரண்டுக்கும் சமாதானம் பண்ணிவைக்க
ஜூன் முழுக்க.
ஈரத் தலையோடு இஸ்திரி போட்டேன்.
"வெளியே மழையா?" என்றாள் பாவ்லினா.
ஆமாம் என்றேன், கொளுத்துகிற வெயிலில்.

பயத்தைத் தலைமுழுகினேன் என்று சொல்ல ஆசைதான்.
இல்லை. அது கூடவே வந்தது.
எனக்கு முன்னால் நீச்சல் பழகிக்கொண்டது.

செப்டம்பரில் ஒரு நாள் மஞ்சள் மிதவை.
கரையிலிருந்து நூற்றிருபது கைவீச்சு.
தொட்டேன். வழவழவென்று பாசி. மேலே பறவை எச்சம்.
இவ்வளவுதானா என்று இருந்தது.
பிடித்துக்கொண்டு தொங்கும்போதுதான் உறைத்தது,
திரும்பிப் போவதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.
எட்டு மாதக் கணக்கும் வந்து சேர்வதற்கு மட்டும்.

கரையில் த்ரைச்சே, விரல் உயரத்தில், ஒரு துண்டோடு.
கூப்பிடவில்லை. கையசைக்கவும் இல்லை.
கீழே பார்த்தேன். ஆழம் கறுப்பாக இருந்தது,
சட்டியின் சில்லைப்போல,
கொஞ்சம் பெரியதாக.
முகத்தை வைத்தேன்.
மூன்று வரை எண்ணுவதாக ஏற்பாடு.
பிறகு இன்னொரு மூன்று.

அந்தத் துண்டையும் நானேதான் துவைத்தேன்.
சட்டியில் இப்போது பீன்ஸ் ஊறுகிறது,
வெள்ளிக்கிழமைக்கு.